முல்லைக் கொடியும் மோதிரக் கையும்

குறியீடு என்னும் சொல் இன்று நம் இலக்கிய மேடைகளில் மலிந்து கிடக்கிறது. புதுக்கவிதையோடு உடன்பிறந்த ஒன்றாகவும், மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்காகவும் அதனைக் கருதுவோர் பலர். 1886ஆம் ஆண்டு பாரிசு நகரில் ழான் மொரேயாஸ் என்னும் கவிஞர் குறியீட்டியக்கத்தின் அறிக்கையை வெளியிட்டார் என்பதும், அவ்வியக்கத்தின் அலை பின்னர் உலகெங்கும் பரவிற்று என்பதும் உண்மையே. ஆயினும் பெயர் புதிது என்பதற்காகப் பொருளும் புதிதாகிவிடாது. இதனை நம்மவருள் ஆராய்ந்து எழுதியவர், மதுரையிற் பிறந்து வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்து 2017ஆம் ஆண்டு மறைந்த கவிக்கோ அப்துல் ரகுமான் ஆவார். 'புதுக்கவிதையில் குறியீடு' என்பது அவருடைய ஆய்வு நூலின் பெயர். 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'பால்வீதி'யில் கவிஞராக அவர் செய்து பார்த்ததை, அந்நூலில் ஆய்வாளராக நின்று அளந்து பார்த்தார் எனலாம்.

ஒரு பொருளோ, ஒரு மனிதனோ, ஒரு கையசைவோ தன்னினும் பெரிய ஒன்றைச் சுட்டும் ஆற்றலை எப்போது பெறுகிறது? எப்போது இழக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேட நாம் பாரிசு வரை செல்ல வேண்டுவதில்லை. மேலூர் வட்டத்துத் திருவாதவூர் வரை சென்றாற் போதும்.

திருவாதவூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் மாணிக்கவாசகர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளைக் கோயிற் பணிக்குச் செலவிட்ட அமைச்சர் அவர். நரி பரியான அக்கதையில் குதிரைகளை ஓட்டி வருபவன் கடல்கடந்த வணிகனின் கோலத்தில் வருகிறான் என்பதை நம்மவர் ஊன்றி நோக்க வேண்டும். அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டிய நாட்டுத் துறைகளில் வந்திறங்கிய வரலாறு அக்கதையின் அடியிற் கிடக்கிறது. குதிரை வீரனைக் குறித்த 'ராவுத்தர்' என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களில் ஒரு சாராரின் பெயராகியது. அதே சொல்லால் அருணகிரிநாதர் தம் முருகனை விளித்தார். குதிரையும் அதன்மேல் இருந்தவனும் வீறுக்குக் குறியாகி, சமய எல்லையைத் தாண்டிச் சென்ற வரலாறு அது. தனியே எழுதத்தக்க பொருள். இப்போது அதனை விடுத்து மேலே செல்வோம்.

நாம் கருதும் வாதவூரர் மாணிக்கவாசகருக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவர். சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊர் திருவாதவூரே என்பது திருவிளையாடற் கதைமரபு போற்றி வரும் செய்தி. ஊரையடுத்த குன்றிலுள்ள குகைத்தளத்தில், சமணத் துறவியர்க்கு உறையுள் அமைத்துக் கொடுத்தோர் தம் பெயரைத் தமிழ் பிராமி எழுத்திற் பொறித்து வைத்துள்ளனர். கொடுத்தவன் பெயர் கல்லில் நிற்க, பெற்ற துறவியின் பெயர் நமக்குத் தெரியாமற் போயிற்று. கொடையின் வரலாற்றில் இது வழக்கமாக நிகழ்வது. இவ்வழக்கத்திற்கு மாறாக, பெற்றதன் பெயரைக் கொடுத்தவன் பெயரோடு பிரிக்கவொண்ணாமற் பிணைத்தவர் அவ்வூர்க் கபிலர். பாரி என்றால் முல்லை. முல்லை என்றால் பாரி.

முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அச்செய்தியைக் கபிலர் எவ்விடத்தில், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புறநானூற்றில் 105 முதல் 120 வரையுள்ள பாடல்கள் பாரியையும் அவன் பறம்பையும் பற்றியவை. முல்லை நிகழ்ச்சி விரித்துரைக்கப்படுவது அவற்றில் அன்று. 200, 201 ஆகிய எண்களில் நிற்கும் பாடல்களிலேயே அது வருகிறது. பாரி இறந்துபட்டான், மூவேந்தர் பறம்பை முற்றி முடித்தனர், முந்நூறு ஊரும் முன்னமே இரவலர்க்குப் போயின. எஞ்சியவர் பாரியின் மகளிர் இருவர். அவர்களை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோவிடம் செல்கிறார். பின்னர் இருங்கோவேளிடம் செல்கிறார். இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார். முல்லைக் கொடி அவர் வாயிற் பிறப்பது அந்த வாயிலிலேதான்.

விச்சிக்கோவிடம் அவர் சொல்வதன் கருத்து இது: நாத் தழும்பேறப் பாடும் புலவர்க்குக் கொடுப்பது உலகத்து இயல்பு, அந்த முல்லையோ பாடாது, பாடாத அதற்கே மணியொலிக்கும் நெடுந்தேரைக் கொள்க என்று கொடுத்தவனின் மகளிர் இவர். 'பாடாது' என்னும் அந்த ஒரு குறிப்பில்தான் கபிலர் தம் பொருள் முழுவதையும் வைத்தார் என்பது என் துணிபு. கேட்க நாவில்லாததற்கு, பெற்றபின் புகழவும் நாவில்லாததற்குக் கொடுக்கப்பட்ட கொடை அது. அதனைச் சொல்லி அவர் யாருக்காக மன்றாடுகிறார்? தம் வாயால் கேட்கவியலாத இரு பெண்களுக்காக. கொழுகொம்பின்றித் தவித்த கொடியும், தந்தையை இழந்து நிற்கும் மகளிரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தோன்றுகின்றனர். இப்பெண்களே இப்போது அந்த முல்லை. நீ அந்தப் பாரியாவாயா என்று அவர் கேட்கவில்லை. கேளாமலே அரசன் அதனைக் கேட்டிருப்பான்.

இவ்வாறு, உயிர் துடிக்கும் ஒரு வேண்டுகோளின் நடுவிலே பிறந்தது அக்குறியீடு. அது தன் வேலையில் வெற்றி பெற்றதா? இல்லை. இரு மன்னரும் மறுத்தனர். 202ஆம் பாடலில் கபிலர் இருங்கோவேளைக் கடிந்துகொண்டு வெளியேறுகிறார். தமிழ் இலக்கியத்தின் புகழ்மிக்க குறியீடு, அது சொல்லப்பட்ட அவையில் செல்லாக் காசாயிற்று என்பதை நம் மேடைப் பேச்சாளர் ஒருவரேனும் சொல்லக் கேட்டதில்லை.

கபிலருக்கு நாவில்லாதவற்றின்மேல் ஒரு தனி ஈடுபாடு உண்டு போலும். குறுந்தொகையில் 25ஆம் பாடலை நோக்குக. தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறு யாரும் அங்கில்லை, அவன் மட்டுமே இருந்தான். அவனே பொய்த்தால் நான் என் செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். பின்னர், ஒரு குருகும் அங்கிருந்தது என்கிறாள். தினைத் தாள் போன்ற சிறிய பசுங்கால்களையுடைய குருகு. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு. சாட்சி உண்டு, ஆனால் சாட்சி சொல்ல அதற்கு வாயில்லை. அதன் கண்ணும் இவள்மேல் இல்லை, இரையின்மேல் இருந்தது. அவன் கண்ணும் அன்று அப்படித்தான் இருந்ததோ என்னும் ஐயத்தை அவள் சொல்லவில்லை. குருகு சொல்லிவிடுகிறது.

இத்தகைய மறைபொருளைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டு வகுத்தார். உள்ளுறை உவமம் கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்றவர், கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் விலக்கினார். மரம், புள், விலங்கு, பறை, தொழில் யாவும் வேறொன்றைச் சுட்டும் குறியாகலாம், தெய்வம் ஆகாது. அவர் கருதிய காரணம் இலக்கண நெறி பற்றியது. நம் காரணம் வேறு. அல்லாஹ்வுக்கு ஒப்பாக எப்பொருளையும் கூறலாகாது என்னும் தௌஹீதில் ஊறிய நமக்கு, தமிழின் முதல் இலக்கண நூல் அவ்விடத்தில் ஒரு வேலியிட்டிருப்பதைக் காண்பது மகிழ்ச்சி தருவதே. படைத்தவனைப் பற்றி அவ்வாறு எச்சரிக்கும் திருமறை, படைப்புகளை உவமையாக்கத் தயங்கவில்லை என்பதையும் உடன் நினைக்க வேண்டும். அல்பகரா அத்தியாயத்தில் கொசுவையும், அன்கபூத் அத்தியாயத்தில் சிலந்தியின் வீட்டையும் இறைவன் எடுத்துக்காட்டுகிறான். பொருளின் சிறுமை ஒரு தடையன்று.

இனி, முல்லைக் கொடிக்கு இணையாக நம்மிடையே வழங்கும் குறியீட்டுக்கு வருவோம். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பதை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர் என்னும் சீதக்காதி, கிழவன் சேதுபதியின் காலத்தில் கடல் வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டி, அதனைப் புலவர்க்கும் வறியோர்க்கும் வாரி வழங்கியவர். பொன்னுக்கு நிகராக நெல் விற்ற பஞ்சத்தில் அவர் ஊர்க்குச் சோறிட்டதைப் படிக்காசுப் புலவர் பாடியுள்ளார். அப்புலவர் நெடுநாள் கழித்து வந்தபோது வள்ளல் மறைந்துவிட்டார் என்றும், அடக்கத்தலத்தில் புலவர் புலம்ப, மண்ணைப் பிளந்துகொண்டு மோதிரம் அணிந்த கை ஒன்று வெளிவந்தது என்றும் கதை கூறுகிறது.

இக்கதையை எப்படிக் கொள்வது? நம் குடும்பங்களில் இருவகைக் கருத்துண்டு. வலிமார்களின் கராமத்துப்போல் அப்படியே நம்புவோர் ஒரு பக்கம். மார்க்கத்திற்கு ஒவ்வாத கட்டுக்கதை என்று தள்ளுவோர் மறுபக்கம். இருவரும் கையைக் கையாகவே பார்க்கின்றனர். முல்லைக்கு ஒரு பந்தற்கால் நட்டால் போதாதா, தேர் எதற்கு என்று கேட்கும் பகுத்தறிவாளரும் இவர்களோடு சேர்த்து எண்ணத்தக்கவரே. பந்தற்கால் நட்டிருந்தால் அது தோட்டவேலை, யாரும் பாடியிரார். அளவுக்கு மிஞ்சிய ஒன்று நிகழும்போதே, இது தன்னைச் சுட்டவில்லை, வேறொன்றைச் சுட்டுகிறது என்று கேட்போர் உள்ளம் விழித்துக்கொள்கிறது. தேரைக் கொடுத்தவன் நடந்து வீடு திரும்பியிருக்க வேண்டும். பாடல் அதனைச் சொல்லவில்லை. ஆயினும் அந்த நடையை நாம் காண்கிறோம்.

இங்கே முஸ்லிம் வாசகர் ஒருவர் எழுப்பக்கூடிய நியாயமான தடை ஒன்றுண்டு. வீண்செலவு நம் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டதன்றோ? பனீ இஸ்ராயீல் அத்தியாயம் கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதையும் விலக்குகிறது, முற்றாக விரித்துவிடுவதையும் விலக்குகிறது. இதுவும் கையைக் குறியாக்கிச் சொன்னதே என்பதை நோக்குக. இவ்வளவுகோலால் அளந்தால் பாரியின் செயல் இஸ்ராஃப் ஆகாதா? செயலாகக் கொண்டால் ஆகும். கொடிகளுக்குத் தேர் கொடுக்குமாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. குறியாகக் கொண்டால் அது வேறிடத்தைச் சுட்டுகிறது. நல்லோர் செல்வத்தில் கேட்பவனுக்கும் பங்குண்டு, இல்லாமையால் ஒதுக்கப்பட்டவனுக்கும் பங்குண்டு என்று அத்தாரியாத் அத்தியாயம் இருவரை வேறுபிரித்துக் கூறுகிறது. அவ்விரண்டாமவன், வறுமையுற்றும் வாய்திறந்து கேளாதவன் என்று விரிவுரையாளர் பலர் பொருள் உரைப்பர். மானம் காத்து, வற்புறுத்திக் கேளாதிருப்போரை அவர்தம் முகக்குறியால் அறிந்து கொடுக்கச் சொல்கிறது அல்பகரா. கபிலர் கண்ட முல்லை அத்தகையது. அதன் தளர்வே அதன் முகக்குறி.

மண்ணைப் பிளந்த கைக்கும் இவ்வாறே பொருள் காணலாம். மேலிருக்கும் கை கீழிருக்கும் கையினும் சிறந்தது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியது கொடுப்பவரைப் பற்றியது. மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் நின்றுவிட, நிலைத்த தருமம், பயன்படும் கல்வி, அவனுக்காகத் துஆச் செய்யும் நன்மக்கள் ஆகிய மூன்றும் நில்லாமல் தொடரும் என்பதும் அவர்கள் வாக்கே. சதக்கத்துல் ஜாரியா என்பதைப் படிப்பறியா மக்களுக்கு ஒரே காட்சியில் உணர்த்த வேண்டுமாயின், மண்ணிலிருந்து எழும் கையைவிட வேறென்ன காட்ட முடியும்? கீழே கிடப்பவனின் கை மேலே வந்துவிட்டது. அக்கதையைப் புனைந்தவர் யாராயினும் அவர் ஹதீஸின் காற்றைச் சுவாசித்தவராகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இக்கதையினும் ஆழ்ந்த ஒன்று வரலாற்றிலேயே இருக்கிறது. அதனைப் போதிய அளவு நாம் போற்றவில்லை. சீறாப்புராணம் பாடத் தூண்டி உமறுப்புலவரை ஆதரித்தவர் சீதக்காதி. நூல் முற்றுப்பெறுமுன் அவர் மறைந்தார். பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் பணி தொடர்ந்தது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களாய் ஐயாயிரம் பாடலுக்கு மேல் விரியும் அக்காப்பியத்துள் புரவலராகப் பலவிடத்தும் போற்றப்படுபவர் அபுல் காசிம் மரைக்காயரே. சீதக்காதி அவ்வாறு பாடப்பெறவில்லை. கீழக்கரை வள்ளல் கொடுத்த கொடையின் தலையாய பயன், அவரைப் பாடவில்லை.

இதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எதனையும் நான் வற்புறுத்த விரும்பவில்லை. அபுல் காசிம் மரைக்காயர் தாமும் புகழுக்கு உரியவரே. அவர் கை கொடாவிடில் சீறா நமக்குக் கிடைத்திராது. எனக்கு வியப்பளிப்பது, விச்சிக்கோவின் வாயிலில் கபிலர் சொன்ன அந்தப் 'பாடாத' முல்லை பல நூற்றாண்டு கழித்துக் கீழக்கரையில் மெய்யாகவே நிகழ்ந்தது என்பதே. அங்கே கொடி பாடாதது. இங்கே காப்பியமே பாடாதது. புலவர் விட்ட இடத்தை மக்கள் நிரப்பினர். காப்பியத்தில் இடம்பெறாதவருக்கு ஒரு மோதிரக் கையைக் கொடுத்து, பழமொழி ஒன்றில் ஏற்றி, சீறாவை ஒருநாளும் ஓதியறியாத வீடுகளிலும் அவரைக் குடியேற்றினர்.

குறியீடு பிறக்கும் இடம் கண்டோம். அது சாகும் இடமும் உண்டு. பிறந்த சூழலிலிருந்து பிடுங்கியெடுத்துப் பட்டமாக்கும்போது அது சாகிறது. நன்கொடை கொடுக்க இசைந்த எவரும் 'இன்றைய பாரி', 'வாழும் சீதக்காதி' என்று துண்டறிக்கையில் அச்சாகிவிடுகிறார். பாரியின் முல்லை நாவில்லாதது. நம் பாரிகளுக்கோ நாவுள்ள முல்லைகளே வேண்டியிருக்கின்றன. ரமலான் மாதத்தில் தையல் இயந்திரமோ அரிசி மூட்டையோ பெறும் ஏழைப் பெண்ணை மேடையேற்றி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் அவளையும் பொன்னாடை போர்த்த கொடையாளரையும் ஒருங்கே படம்பிடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது. அப்படத்தில் அவள் மனுஷியாக இல்லை, இன்னொருவரின் ஈகைக்கு அடையாளமாக நிற்கிறாள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதை உயர்த்திப் பேசிய நபிமொழியைச் சில வேளைகளில் அதே மேடையில் மேற்கோள் காட்டுகின்றனர். ஒரு மனித உயிரைக் குறியீடாக்குவது கவிஞர்க்கும் ஆபத்தான தொழில். கபிலர் அப்பெண்களைக் கொடியென்று வெளிப்படையாக ஓரிடத்தும் சொல்லாததன் அருமை இவற்றைக் காணும்போது விளங்குகிறது.

நம் இளங்கவிஞர்களிடமும் ஒரு சொல். இஸ்லாமியக் கவிதை என்றாலே பிறை, பேரீச்சை, பாலைமணல், ஒட்டகம் என்று அடுக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. பிறையும் விண்மீனும் இணைந்த சின்னம் உதுமானியப் பேரரசின் கொடியால் உலகில் பரவியது. திருமறை பிறைகளை மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுவன என்றே குறிப்பிடுகிறது. பிறையைப் பாட வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலை பள்ளிவாசல் மாடியில் நின்று வானத்தைத் துழாவும் கண்களோடு வரும் பிறை ஒன்று. வாழ்த்து மடலின் மூலையில் அச்சான பிறை வேறு. கபிலரும் பிறையைக் கண்டார். பறம்பின் சிறு குளத்தின் கரை எட்டாம் நாள் திங்களைப்போல் வளைந்திருக்கிறது என்று 118ஆம் பாடலில் சொன்னார். காப்பாரின்றி உடைந்துபோகும் குளம் அது. எட்டாம் நாள் என்று நாளெண்ணிச் சொன்னதால் அந்தப் பிறை இன்றும் மங்கவில்லை.

கபிலரின் முடிவு நாம் அறிந்ததே. பாரி மகளைக் கொண்டவனிடம் சேர்த்தபின் அவர் தீப்புகுந்த செய்தியை, முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. பெண்ணையாற்றின் நடுவேயுள்ள பாறை ஒன்றைக் கபிலக்கல் என்று இன்றும் காட்டுகின்றனர். அவர் பாடிய பறம்பு இன்றைய பிரான்மலை. அங்கே மலையடியில் ஒரு சிவன் கோயிலும் உச்சியில் ஒரு தர்காவும் இருக்கின்றன. மேலே ஏறுவோருள் எத்தனை பேர் அந்தப் பெண்களை நினைக்கின்றனரோ!

அவர்களைப் பற்றிய 116ஆம் பாடல் ஒன்றைக் காட்டி நிறுத்துகிறேன். முள்வேலியிட்ட சிறு வீடு. பாரியின் மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று, தொலைவில் செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை ஒன்று, இரண்டு என எண்ணுகின்றனர். முன்னொரு நாள் இதே மகளிர் தந்தையின் மலைமேல் நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் பொன்னணி பூண்ட குதிரைகளை எண்ணினார்கள் என்று புலவர் நோகிறார். எண்ணும் விரல் மாறவில்லை, எண்ணப்படுவதுதான் மாறிற்று. உரையாசிரியர்கள் இம்மாற்றத்தை விரித்துரைப்பர். அதே பாடலில் கபிலர் வந்த வழியே சொல்லிச் செல்லும் இன்னொன்றில் என் கண் நின்றுவிடுகிறது. அவ்வீட்டின் பக்கமெல்லாம் பீர்க்கு முளைத்து, சுரைக்கொடி படர்ந்திருந்ததாம்.